கீழே இருக்கும் கடிகாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் பிடிக்கிறது என்கிறாள். நீ தைராய்டு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாய்தானே?

இன்று மத்தியானம் சாப்பிட்டதும் ஸ்டூல் போட்டு ஏறி, உன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். மார்ச் இரண்டாவது ஞாயிறு இல்லையா. சிகாகோவில் விடிகாலை 2 மணி ஆனதும் அதை 3 என்று வைத்துக்கொள்வார்கள், அப்போது நமக்குப் பகல் 1.30. அந்த நேரம் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பினேன். நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். இனி நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் நமக்கும் உனக்கும் பத்தரை மணி நேரம். அப்புறம் பழையபடி பதினொன்றரை.

நீ போன முதல் வருஷம் இது யாருக்கும் உறைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க உனக்கு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி, நமக்கு ஞாயிறு காலை ஏழரை என்று பழகிவிட்டது. நம் மணியோடு அரை மணியைக் கூட்டி, பகலை ராத்திரியாக்கி, ஒரு நாள் பின்னால் போனால் உன் நேரம். கணக்கு சுலபம். மார்ச்சில் நீ அதே எட்டு மணிக்குக் கூப்பிட்டாய், நமக்கோ ஆறரைதான். நானும் அம்மாவும் காசிமேட்டில் சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். பையோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஏழு மிஸ்டு கால். ஆயா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "புள்ள கூப்புட்டுக்கினே கீது, எனக்கு எடுக்கத் தெரியலியே" என்று ஒரே அழுகை. மறுநாளே பாரிமுனைக்குப் போய் இரண்டாவது கடிகாரத்தை வாங்கி வந்து, நம் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினேன். 'பாப்பா' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினது சின்னவன். அந்தக் காகிதம் இப்போது மஞ்சளாகிவிட்டது. மாற்ற வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடு. ஊர் மாறும்போது மறந்துபோகும், அதனால் சொல்கிறேன்.

ஊர் மாறுவது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. ஏப்ரலில் ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் டோக்கியோ போகிறாய் என்று சின்னவன்தான் சொன்னான். உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். பரவாயில்லை. நம் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் உண்டு, ஜப்பானுக்குக் கம்பெனி செலவில் போகிறவள் நீதான். எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா சொன்னாள், நான் தடுக்கவில்லை.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். புறப்படுகிறது சிகாகோ மணி, இறங்குகிறது டோக்கியோ மணி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பயண நேரம் என்று நினைத்துவிடாதே. ஏப்ரலில் டோக்கியோ உன் ஊருக்கு 14 மணி நேரம் முன்னால் இருக்கும். அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறதே கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு ஏறி 13 மணி நேரம் பறந்தாலும், இறங்கும்போது அங்கே சனிக்கிழமை மாலை 3 மணி. பசிபிக் கடல் நடுவில் தேதிக் கோடு இருக்கிறது, அதைத் தாண்டும்போது ஒரு நாள் கூடிவிடும். ஹோட்டல் புக் பண்ணும்போது இறங்குகிற தேதியைப் பார்த்துப் பண்ணு. திரும்பும்போது அதே ஒரு நாள் திரும்பி வந்துவிடும், டோக்கியோவில் கிளம்பின மணிக்கு முன்னாலேயே சிகாகோவில் இறங்குவது மாதிரி கூடத் தெரியும். போன அன்றைக்கே பகலில் படுத்துவிடாதே. வெயிலில் கொஞ்சம் நட, உடம்பு சீக்கிரம் பழகும். தண்ணீர் குடி. மாத்திரை.

உனக்குப் போய் நான் இதையெல்லாம் சொல்கிறேன். ஆயாவுக்கு நீ சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? விசா வந்த வாரம். கரண்ட் போயிருந்தது. நீ சமையல்கட்டிலிருந்து மட்டை உரித்த தேங்காயை எடுத்து வந்து, அதில் சாக்பீஸால் இரண்டு புள்ளி வைத்தாய். ஒன்று தண்டையார்பேட்டை, ஒன்று சிகாகோ. சின்னவன் டார்ச் அடிக்க, நீ தேங்காயை மெதுவாகச் சுற்றினாய். ஒரு சுற்றுக்கு 360 பாகை, 24 மணி நேரம், அப்படியென்றால் மணிக்கு 15 பாகை என்று சொல்லிக்கொண்டே சுற்றினாய். ஆயாவுக்குப் பாகை புரியவில்லை. ஆனால் நம் புள்ளியில் வெளிச்சம் வரும்போது உன் புள்ளி இருட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டு, தேங்காயைக் கையில் வாங்கித் தானே இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். "அப்போ நா எழுந்திருக்கச் சொல்ல நீ படுத்துக்குவ" என்றாள். அதற்கப்புறம் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"அது ஏன் அரை மணி ஒட்டிக்கொண்டு வருது, முழு மணியா இருக்கக் கூடாதா?" என்று அன்றைக்கு அம்மா கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். நாடு முழுக்க ஒரே மணி வைக்க மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 பாகைக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள், 1906-ல். மணிக்கு 15 பாகை என்று வகுத்தால் லண்டன் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி, அந்த அரைதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால் நம் ஊருக்கென்று மெட்ராஸ் டைம் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்துக் கணக்கு அது. ரயில்கள் கூட அந்த மணிக்குத்தான் ஓடின. நாம் அந்தக் கோட்டுக்கு இரண்டேகால் பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிஷம், ஆக ஒன்பது நிமிஷ வித்தியாசம். ராயபுரம் ஸ்டேஷனுக்கு உன்னைக் கூட்டிப் போய், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பினது இங்கிருந்துதான் என்று காட்டும்போதெல்லாம் இந்த ஒன்பது நிமிஷத்தையும் சொல்வேன். நீ ஸ்கூல் கட்டுரையில் அதை எழுதிப் பரிசு வாங்கினாய். அந்த டிபன் பாக்ஸ் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இத்தனை கணக்குத் தெரிந்த வீட்டில், "டயம் செட் ஆகலப்பா" என்று நீ மெசேஜ் போடுகிறாய். தை மாதத்திலிருந்து ஒரு ஞாயிறு கூட நீ கூப்பிடவில்லை. நான் ஏதாவது அனுப்பினால் கட்டைவிரல் படம் வருகிறது. அம்மா காலை ஏழு மணிக்கே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் கீரை ஆய்கிறாள். எட்டரைக்கு எழுந்து போகிறாள். ஒன்றும் சொல்வதில்லை. உனக்கு வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பெற்றவளிடம் ஐந்து நிமிஷம் பேச முடியாத வேலை எது என்று ஒரு சமயம் கோபம் வருகிறது. அப்புறம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது.

கடிகாரம் திருப்பினதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஆயா போனது விடிகாலை 4.10-க்கு. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு இன்னும் போடவில்லை. மணி என்ன என்று அண்ணாந்து பார்த்தேன், கண் அப்படியே கீழே இருக்கிற கடிகாரத்துக்கு வந்தது. அதில் 4.40. முள் கடிகாரம், பகலா ராத்திரியா என்று காட்டாது. அன்று உன்னிடம் அதைத்தான் சொன்னேன். "உன் கடிகாரத்துல நாலே முக்கால் காட்டுச்சும்மா, அங்கேயும் விடிகாலைன்னு நினைச்சுட்டேன், எழுப்ப மனசு வரலை." நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிப்பா" என்றாய்.

பாப்பா, அது பொய்.

ஆட்கள் வேலைக்கு வந்து போகிற மணியைக் குறிக்கும் டைம் ஆபீஸில் 31 வருஷம் உட்கார்ந்தவன் நான். மூன்று ஷிப்டுக்கும் கார்டு பார்த்தவன். சிவப்பு மையில் விழுந்த மணியைப் பார்த்து, நாலு நிமிஷம் லேட்டானவனுக்கு அரை நாள் சம்பளம் கட் என்று எழுதினவன். உனக்குச் சாயங்காலம் என்று பார்த்த நொடியே எனக்குத் தெரியும். நீ ஆபீஸில் முழித்துக்கொண்டு இருக்கிறாய் என்று தெரியும். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அக்காவுக்குச் சொல்லலாம்பா என்று சின்னவன் இரண்டு தடவை கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். அவன்மேல் உனக்கு வருத்தம் இருந்தால் அதை விட்டுவிடு.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, லீவு கேட்டால் என்ன ஆகுமோ, கடன் வாங்கி டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவாளோ, வந்தாலும் முகத்தைப் பார்க்க முடியாதே என்று எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பாதிதான். நீ அழுவதைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன், அத்தனை பேருக்கு நடுவில் நின்று காரியத்தை நடத்த முடியாது என்று பயந்தேன். அதுதான் நிஜம். மூலக்கொத்தளம் மயானத்தில் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு, ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஏறக்குறைய பதினாலு மணி நேரம். போனில் முகத்தையாவது காட்டியிருக்கலாம். ஆயா நெற்றியில் ஒரு ரூபாய் வைத்து, அம்மா சிவப்புக் கரை போட்ட புடவையை உடுத்திவிட்டிருந்தாள். நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஆயா சுவரைப் பார்த்துவிட்டு, "பாப்பா ஊர்ல இப்ப வெளிச்சமா?" என்றாள். ஆமாம், காலை ஒன்பதரை என்றேன். அப்போதே கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். நீ வேலைக்குப் போயிருப்பாய், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையைச் சரிபண்ணிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நீயாக எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். திட்டினாலும் சரி.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதனால் நாளைக்குத் தபாலில் போடுகிறேன். டோக்கியோ கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம்தான் முன்னால். நீ வேலை முடிந்து அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கூப்பிட்டால் நமக்கு மாலை ஐந்து. அந்த ஒரு வாரமும் கீழே இருக்கும் கடிகாரத்தை டோக்கியோவுக்குத் திருப்பி வைக்கிறேன். ஐந்திலிருந்து நான் வீட்டில்தான் இருப்பேன். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் முடியும் என்றால் அப்போது கூப்பிடு, போன் தலைமாட்டில் இருக்கும்.

ஆயாவின் சுருக்குப்பை பீரோவில் இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை. நீ வரும்போது பிரித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

தண்டையார்பேட்டை, ஞாயிறு இரவு 9.40. உனக்குக் காலை 11.10.

அம்மா கேட்கச் சொன்னாள்: வெறும் வயிற்றில்தானே சாப்பிடுகிறாய்?