அப்பா மேஜைக்குப் பெயிண்ட் வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா, அத்தான், பாப்பா எல்லோரும் நலந்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முந்தியதற்கும் நான் பதில் போடவில்லை. திட்டியிருந்தாய், திட்டு நியாயம்தான். போனில் பேசலாமென்றால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டு, "சரி, காசு ஆகும், வை" என்று வைத்துவிடுகிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமே பனி படிந்திருக்கிறது. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, போட்டால் தொண்டை வறண்டுவிடுகிறது. இரண்டு ஸ்வெட்டர் இருக்கிறது, போதும்.

எனக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. இங்கே வீடு மாற்றிப் போகிறவர்கள் வேண்டாத மேஜை நாற்காலியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தேன். வாங்க முடியாமல் என்று நினைத்துக்கொள்ளாதே, ஒரு பொழுதுபோக்குதான். வேலையில் இப்போது மணிநேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், சாயங்காலம் சும்மா இருக்கிறேன்.

அந்த நாற்காலி உட்கார்ந்தால் தள்ளாடியது. காலை மெதுவாகத் தட்டிக் கழற்றினால், உள்ளே துளைக்குள் நுழைகிற கழுந்தைச் சுற்றிப் பழுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தும் போகவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அதன் மேல் சுற்றிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் இளகி வழவழவென்று ஆனது. அப்போது ஒரு வாடை வந்தது பார், அக்கா! வச்சிரப் பசை. நம் பின்கட்டில் ஆசாரி தகரக் குவளையில் காய்ச்சுவாரே, நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதே வாடை. அந்தத் துணியை ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பழைய வச்சிரத்தை முழுக்கத் துடைத்தெடுத்தால்தான் புதுப் பசை பிடிக்கும். அதற்கே ஒரு ராத்திரி போய்விட்டது.

கீழ்வீட்டில் ஒரு கிழவர். நான் உப்புத்தாள் போட ஆரம்பித்தால் போதும், கைத்தடியால் கூரையில் இடிப்பார். ஒருநாள் மேலேயே ஏறி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார், என் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பஞ்சில் தொட்டு, உட்காரும் பலகையின் அடிப்பக்கம் தேய்த்தார். பிசுபிசுவென்று பழுப்புச் சாயம் பஞ்சில் வந்தது. "ஷெல்லாக்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வார்னிஷாக இருந்தால் ஸ்பிரிட்டுக்கு அப்படிக் கரையாதாம்.

ஷெல்லாக் என்றால் வேறொன்றுமில்லை, நம் அரக்கு. புரச மரக் கிளையிலும் இலந்தைக் கிளையிலும் பூச்சி அப்பிவைக்கிறதே, அதேதான். உலகத்துக்குப் போகும் அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் போகிறது. எனக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே நம் ஆள் ஒருத்தர் கப்பலேறி வந்து, இந்த நாற்காலிமேல் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி அரக்கையே பூசினேன். பாலியூரித்தேன் வார்னிஷ் இந்தக் குளிரில் நாள்கணக்கில் பிசுக்காகவே கிடக்கும். அரக்கில் ஸ்பிரிட் பறந்ததும் காய்ந்துவிடுகிறது. துணியைப் பந்தாக மடித்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாக இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் கை நின்றால் அங்கே பிய்ந்துகொண்டு வரும்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒரு அலமாரியை முழு மரம் என்று நம்பி எடுத்த எடுப்பில் 80ஆம் நம்பர் முரட்டு உப்புத்தாளைப் போட்டு இழைத்தேன். மேலே ஒட்டியிருந்தது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மரத்தோல். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பல்லைக் காட்டிவிட்டது. அதற்கப்புறம் 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகை ஓடும் திசையிலேயே போகிறேன். மிஷினைத் தொடுவதில்லை.

இன்னொன்று. அம்மாவிடம் சொல்லாதே. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவைத்திருந்தேன். கிழவர் ஏதோ கேட்க வந்தவர் அதைப் பார்த்தார். அப்படியே அள்ளிக்கொண்டு, கைத்தடியில்லாமல் படியிறங்கிப் போய்ப் பனியில் வீசினார். எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகுமாம். சுருட்டிவைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல், நெருப்பே இல்லாமல் பற்றிக்கொள்ளுமாம். துணியை எடுத்துப் பார்த்தேன், அந்தக் குளிரிலும் நடுவில் கதகதப்பாக இருந்தது. அன்றைக்கு வாசலில் நின்று அரைமணி நேரம் திட்டினார். பாதி புரியவில்லை. ஆனால், ஏன் சொல்கிறேன் என்றால், என்னை ஒருத்தர் அப்படி உட்காரவைத்துத் திட்டி எத்தனை நாளாயிற்று! அவர் போனபின் கதவைச் சாத்தவே மனமில்லை. இப்போது துணியை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே காயப்போடுகிறேன், பயப்படாதே.

நாற்காலி நாலு சேர்ந்துவிட்டது. ஒருநாளைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி உட்கார்கிறேன், இல்லாவிட்டால் மூன்று சும்மாவே நிற்கும். இரண்டைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா மேஜையைப் பழைய சாமான்காரருக்குப் போடலாம், இல்லாவிட்டால் வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பாப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டாம். பாப்பா படிக்கட்டும், தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் பெயிண்ட் கூடாது. மேலே இருக்கும் வெள்ளை வளையம் மரத்தில் இல்லை, பாலிஷில் தங்கிய ஈரம். மெல்லிய துணியை விரித்து, லேசான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்தால் மங்கிவிடும். வலதுபக்கத்து மைக்கறை அப்படியே இருக்கட்டும். இழுப்பறை சிக்கினால் அடிக்கட்டையில் மெழுகுவத்தியைத் தேய். கால் அடியில் புதிதாக மாவு மாதிரி பொடி விழுகிறதா என்று மட்டும் பார், விழுந்தால் உளுக்கிறது என்று அர்த்தம், உடனே எழுது. அப்புறம் அந்தப் பச்சை ஸ்டூலை யாரும் உலர உரசக் கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும், பாப்பா அங்கேதான் உட்கார்ந்து விளையாடுகிறாள்.

இந்த மாதப் பணம் பத்துநாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். சின்ன மாமாவுக்குத் தர வேண்டியதில் பாதியை இப்போது கொடு, மீதிக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல். வீட்டுப் பத்திரம் விஷயமாக அண்ணன் அவசரப்பட வேண்டாம், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். வைகாசியில் வருவதாகச் சொன்னேன், அது முடியாதுபோல் இருக்கிறது. வேலை ஜாஸ்தி, லீவு தரமாட்டேன் என்கிறார்கள். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா இல்லையா, அதை ஏன் எழுதவே இல்லை?

பாப்பாவை ஸ்கேல் வைத்து அப்பா மேஜையின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதச் சொல். இங்கே எழுதுகிற மேஜை எனக்குக் கொஞ்சம் உயரம். காலை அறுக்கப்போகிறேன், அறுத்தால் அந்த அளவுக்கே அறுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி