கேஸ் மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு தேதி

எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிளினிக் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கையெழுத்து எனக்கு அத்துப்படி. 22 வருடமாக அதைப் படித்துத்தான் பிழைக்கிறேன். மெடிக்கலில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பார்மசிஸ்ட் நான்.

என் வேண்டுகோள் சின்னது. கேஸ் மாத்திரை என்று ஊர் சொல்லும் பேன்டோப்ரசோலோ ஒமிப்ரசோலோ எழுதும்போது, எத்தனை நாளைக்கு என்றும் எதற்காக என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்த பழைய சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் முட்டிவலிக்கு எழுதிக் கொடுத்தது. வலி மாத்திரை ஐந்து நாளோடு முடிந்துவிட்டது. அதற்குத் துணையாக எழுதிய கேஸ் மாத்திரை மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

"எதுக்கும்மா இத சாப்பிடுறீங்க?"

"டாக்டர் எழுதினாருல்ல."

"வயித்துக்கு ஏதாவது செய்யுதா?"

"ஒண்ணும் செய்யலப்பா. மாத்திர போடுறதாலதான் செய்யல."

இந்தப் பதிலை மடக்க என்னால் முடியவில்லை. அதைவிட, ஆறு வருடமாக அந்த அட்டையை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. கிட்டத்தட்ட 2,000 மாத்திரை. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அம்மாவிடம் சீட்டு இருந்தது, எப்போது நிறுத்துவது என்ற தேதிதான் அதில் இல்லை. சீட்டே இல்லாமல் "தம்பி, ஒரு கேஸ் மாத்திர குடு" என்று வருகிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதை உங்கள் மேல் போடும் பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பழி என்னுடையது.

முதல் சிக்கல் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் கேஸ். ஏப்பம் வந்தால் கேஸ், உப்புசம் என்றால் கேஸ், முதுகில் பிடித்தாலும் கேஸ். ஆனால் இந்த மாத்திரைக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அமிலம் சுரப்பதைக் குறைப்பது மட்டும்தான் இதன் வேலை. சாப்பிட்டது புளித்து மேலே வருவதற்கு 'எதுக்களிக்குது' என்று அருமையான சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. என் பாட்டி அப்படித்தான் சொல்வார். நெஞ்சு கரிக்கிறது, எதுக்களிக்கிறது என்றால் இந்த மாத்திரைக்கு அங்கே வேலை உண்டு. பட்டாணிக் குழம்பு சாப்பிட்டு வயிறு உப்பினால் இல்லை. எல்லாவற்றையும் கேஸ் என்ற ஒரே பைக்குள் போட்டதால் மாத்திரையும் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது.

இத்தனைக்கும் மாத்திரை மாறிக்கொண்டே வந்திருக்கிறது, பெயர்தான் மாறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேஸ் மாத்திரை என்றால் ரானிடிடின். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் சேர்வது தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. ஒமிப்ரசோலின் கதை வேறு. ஸ்வீடனில் கண்டுபிடித்து, 1988இல் லோசெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சீட்டில் படித்தவர்கள், நீர் பிரியக் கொடுக்கும் லேசிக்ஸ் என்று குழம்பியதால் பிரைலோசெக் என்று பெயரையே மாற்ற வேண்டி வந்தது. கையெழுத்தைப் பற்றி நான் இதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து, சாப்பிடும் முறை. உங்களிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் இந்த மடலை நோயாளிகளும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, அந்தச் செல்களுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளைப் பூட்டுகிறது. தூங்கும் பம்பை அதனால் பூட்ட முடியாது. பம்புகளை எழுப்பிவிடுவது சாப்பாடு. ரத்தத்தில் மருந்து ஓரிரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் பம்பு விழிக்கும் நேரத்தில் மருந்தும் அங்கே இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போடச் சொல்வது இதனால்தான். ஒருமுறை பூட்டிய பம்பு திறக்காது. உடல் புதிதாகப் பம்பு செய்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும் என்பதும் இதனால்தான்.

இப்போது கவுண்டரில் நான் பார்ப்பதைக் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா சாப்பிட்டு, பதினொரு மணிக்கு நெஞ்சு எரிந்து, அப்போது ஒன்றைப் போட்டுக்கொண்டு, "இந்தக் கம்பெனி மாத்திர சரியில்ல, வேற குடுங்க" என்று மறுநாள் வருகிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும் மாத்திரையை அரை மணி நேரத்தில் கேட்கச் சொன்னால் அது என்ன செய்யும்? உடனே அடங்க வேண்டும் என்றால் டைஜின், ஜெலுசில் மாதிரி அமிலத்தை அங்கேயே முறிக்கும் மருந்துதான் சரி. அப்புறம், உடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "நாப்பது பவர் ஜாஸ்தி, பாதி போதும்" என்று நகத்தால் கீறுவார்கள். அமிலத்தை அடக்கும் இந்த மருந்து அமிலத்தில் நின்றால் தானே அழிந்துவிடும். அதற்காகத்தான் மேலே பூச்சு போட்டிருக்கிறார்கள். உடைத்த மாத்திரை இரைப்பையைத் தாண்டுவதற்குள் பாதி வீணாகிவிடும். சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று நீங்கள் தமிழில் எழுதினால் எனக்கும் பேச்சு குறையும்.

சரி, நிறுத்துவதற்கு வருகிறேன். எதுக்களிப்புக்கு நான்கு முதல் எட்டு வாரம் என்பதுதான் வழக்கமான கணக்கு. நான் பார்க்கும் சீட்டுகளில் எட்டு வாரம் என்ற சொல் அபூர்வம். மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது ஆரம்பித்தது, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறி, அங்கிருந்து உங்கள் சீட்டுக்கு வந்து, என் பில்லில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. ஜுரத்துக்கு பாராசிட்டமால், ஒரு ஆன்டிபயாடிக், கூடவே கேஸ் மாத்திரை. பாராசிட்டமாலுக்கு எதற்கு இந்தத் துணை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வயதானவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறார், ஆஸ்பிரினும் போகிறது என்றால் புரிகிறது. இரைப்பையில் ரத்தம் கசியாமல் அங்கே அது உயிரைக் காக்கும் துணை.

நிறுத்தச் சொன்னால் வாடிக்கையாளர்கள் சொல்வது ஒன்றுதான்: "விட்டா திரும்ப வந்துருது அண்ணே." இது வெறும் பயம் இல்லை. டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2009இல் வெளியானது. பாதிப்பேருக்கு எட்டு வாரம் இதே வகை மாத்திரையான எசோமெப்ரசோல், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. மருந்தை நிறுத்திய பிறகு, அதைச் சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் மாதிரித் தொந்தரவுகள் வந்தன. மற்றவர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த சுரப்பு, விட்டதும் துள்ளுகிறது. நோயே இல்லாதவருக்கும் அப்படி வரும் என்றால், மூன்று நாள் விட்டுப் பார்த்து "எனக்கு இது இல்லாம முடியாது" என்று முடிவு கட்டும் அந்த அம்மாவை எப்படிக் குறை சொல்வது? சில வாரம் அப்படித்தான் இருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், எரிந்தால் ஜெலுசில் குடியுங்கள் என்று உங்கள் வாயால் வந்தால் கேட்பார்கள். நான் சொன்னால், வியாபாரம் பண்ணத் தெரியாதவன் என்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வேறொரு கூட்டம் இருக்கிறது. கேஸ் மாத்திரை போட்டால் கிட்னி போச்சு, எலும்பு போச்சு, மூளை போச்சு என்று அனுப்புகிறார்கள். அதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார். இரண்டு ரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். இரைப்பையில் ரத்தம் கசிந்தால் என்ன ஆவது? அவரை அன்றைக்கே டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். நீண்டநாள் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம், பி12 குறையலாம், குடல் தொற்று கொஞ்சம் கூடலாம், அபூர்வமாகச் சிறுநீரக அழற்சி வரலாம். எல்லாம் உண்மை. ஆனால் 17,000 பேருக்கு மேல் சேர்த்து, சுமார் மூன்று வருடம் பேன்டோப்ரசோலை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு 2019இல் வந்தது. அதில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான், அதுவும் 1.0 சதவீதத்திலிருந்து 1.4க்கு. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2022இல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது: பக்கவிளைவுக்குப் பயந்து நிறுத்தாதே, சாப்பிடக் காரணம் இல்லை என்றால் நிறுத்து. அந்தக் காரணத்தை எழுதி வை என்றும் சொல்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

இன்னொன்று. சாதா பேன்டோப்ரசோலைவிட, வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்த்த கேப்சூல்தான் இப்போது அதிகம் ஓடுகிறது. டோம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பாவில் 2014இல் கட்டுப்பாடு போட்டார்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருப்பதால். நம் ஊரில் அதை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் என் கடையிலேயே இருக்கிறார்கள். வாந்தி இல்லாதவருக்கு அந்தச் சேர்மானம் எதற்கு என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கேஸ் என்ற சொல்லால் உயிர் போவதும் உண்டு. ஒருநாள் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒருவர் சோடாவைக் குடித்துக்கொண்டே வந்தார். "நெஞ்சுல வாயு அடைச்சிருக்கு, ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க." சட்டை நனைந்திருந்தது. மார்கழி மாதம். மாத்திரை கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றினேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. வியர்வையைக் கவனித்தேன், அவ்வளவுதான். எத்தனை பேருடையதைக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியாது. அதேபோல விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம், காரணம் இல்லாமல் எடை குறைவது என்று வருகிறவர்களையும் இனி அட்டையோடு அனுப்பமாட்டேன், உங்களிடம்தான் அனுப்புவேன்.

சீட்டில் இடம் இருந்தால் இன்னும் ஒரு வரி. ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். தலைமாட்டுப் பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். செங்கல்லை விற்க மருந்துக் கம்பெனி ரெப் யாரும் உங்களிடம் வரமாட்டார்கள், அதனால் நீங்கள் சொன்னால்தான் உண்டு.

என் பங்குக்கு நான் ஆரம்பித்துவிட்டேன். கவுண்டரில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கேஸ் மாத்திரை எட்டு வாரத்தைத் தாண்டினால் பெயருக்கு நேரே ஒரு கோடு. கோடு விழுந்தவர்களுக்கு அடுத்த அட்டையைக் கொடுக்கும் முன் உங்களுக்குப் போன் செய்வேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓ.பி. காலியாக இருக்கும் என்று தெரியும், அப்போது கூப்பிடுகிறேன். தொடரலாம் என்றால் எதற்கு என்று ஒரு வார்த்தை, நிறுத்தலாம் என்றால் எப்படி என்று ஒரு வார்த்தை. முதல் போன் அந்த முட்டிவலி அம்மாவுக்காக வரும்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைப் படிக்கும் ஒரு பார்மசிஸ்ட்