எந்தப் பிள்ளைக்கு ஆர்கானிக்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகளுக்கு ஆர்கானிக் உணவுதான் நல்லது என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாங்கள் குழித்துறைப் பக்கம் வாழை போடுகிறவர்கள். எங்கள் குலைகளில் பாதி களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சந்தைகளுக்குப் போகிறது. வீட்டில் ஒன்றரை வயதில் பேத்தி இருக்கிறாள். விளைவிக்கிற பாடும் ஊட்டுகிற பாடும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஆர்கானிக் என்றாலே சத்து அதிகம் என்கிறது கட்டுரை. அது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் மட்டும் ஆர்கானிக்கில் குறைவு, அதனால் பிள்ளைகளின் உடல்நலம் கூடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது என்று அறிக்கை வெளியிட்டது. எந்த வகையானாலும் சரி, காயும் பழமும் நிறையக் கொடுங்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொன்னார்கள்.

எச்சம் குறைவு என்பது உண்மைதான். சியாட்டில் பக்கத்தில் 23 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் மட்டும் வழக்கமான சாப்பாட்டை ஆர்கானிக்காக மாற்றிக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். 2006-இல் அந்த ஆய்வு வெளியானது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்ற இரண்டு பூச்சிமருந்துகளின் தடயமும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு உடனே இறங்கிவிட்டது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அதுவும் திரும்பி வந்தது. இரண்டு பெயரும் எங்களுக்குப் புதிதல்ல, உரக்கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சரக்குதான்.

ஆனால் எல்லா விளைச்சலிலும் ஒரே அளவு மருந்து இருப்பதில்லை. வாழையில் வேரைத் தாக்கும் நூற்புழுவுக்காகக் கிழங்கைச் சீவி, களிமண் குழம்பில் முக்கி, ஃப்யூரடான் என்ற பூச்சிமருந்துக் குருணை 40 கிராம் தூவி நடுவது பல காலமாகச் சொல்லித் தந்த முறை. அந்தக் கன்று வளர்ந்து குலை வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும், அதற்குள் மருந்தின் வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழைக் கதை வேறு. இன்று அடித்து நாளை மறுநாள் பறித்தால் அடித்தது இலையிலேயேதான் இருக்கும். வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வகம் சந்தைக் காய்களைச் சோதித்து வெளியிடும் பட்டியலில் கறிவேப்பிலை திரும்பத் திரும்ப மாட்டுவதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. புளி கரைத்த தண்ணீரில் சற்று நேரம் போட்டு வைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் கொஞ்சம் குறையும். அதைவிட முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டுவிடலாம்.

அப்புறம் கடைச் சரக்கு. ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சிக் கொடுப்பதும் மட்டி வாழைப்பழம் மசித்துக் கொடுப்பதும் எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். (மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. விலை கேட்கவே பயமாக இருக்கிறது என்கிறார்கள் வாங்குகிறவர்கள். எங்களுக்கு அது கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.) அதே பொடி இப்போது ஆர்கானிக் என்று அச்சடித்த டப்பாவில் வருகிறது. அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. கருப்பட்டி எவ்வளவு ஆர்கானிக் ஆனாலும் பிள்ளையின் உடம்புக்கு அது சர்க்கரைதான். இரண்டு வயது வரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. மார்த்தாண்டம் தேன் பேர்போனது, ஆனாலும் ஒரு வயது நிறையாத பிள்ளையின் நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும், பிள்ளை துவண்டுபோகும். இதற்கு ஆர்கானிக் முத்திரை காவல் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் ரத்தசோகை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57.4, கேரளத்தில் 39.4. இருக்கிற காசை ஆர்கானிக் அரிசிக்குக் கொடுத்துவிட்டு முட்டைக்கும் சாளை மீனுக்கும் பயறுக்கும் கையைச் சுருக்குகிற வீடுகளைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்?

கட்டுரை தொடாத இடம் ஒன்று இருக்கிறது. வாங்கித் தின்னும் பிள்ளைக்குப் போவது எச்சம். தோட்டத்துக்குள் வளர்கிற பிள்ளைக்குப் போவது மருந்தே. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2011-இல் சொன்னது இது: கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் தடயம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளைவிட ஏழு வயதில் ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) சராசரியாக 7 புள்ளி குறைவு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தின் காசர்கோட்டைப் பாருங்கள். 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உடல்நலம் கெட்டுத் துன்பப்பட்ட பிள்ளைகள் முந்திரிப்பருப்பை வாங்கித் தின்றவர்கள் அல்ல, அந்தத் தோட்டங்களை ஒட்டிக் குடியிருந்தவர்கள்.

எங்கள் பக்கம் கையுறை போட்டு மருந்து அடிக்கிற ஆளைக் காண்பது அபூர்வம். ஸ்பிரேயருக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுவது பெண்கள் வேலை, மாசமாக இருந்தாலும். மருந்து பட்ட சட்டையோடு வந்துதான் தகப்பன் பிள்ளையைத் தூக்குகிறான். ஃப்யூரடானை 2011 மே மாதம் கேரளம் தடை செய்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் தடை வரவில்லை. நம் ஊர்க் காய்கறி லாரியை மடக்கிச் சோதிக்க வேண்டும் என்று அங்கே அவ்வப்போது குரல் எழும்பும். எழும்பட்டும், நியாயம்தான். அந்தக் காயை விளைவித்த வீட்டுப் பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் யாரும் கேட்டு நான் அறியேன்.

வசதி உள்ளவர்கள் ஆர்கானிக் வாங்கட்டும். டப்பாவைவிட, பக்கத்து ஊரில் மருந்தில்லாமல் போடுகிறவரிடம் நேரே வாங்கினால் இன்னும் நல்லது. அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்தக் காசு வேலை செய்யும். வாங்க முடியாத தாய், பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டோமே என்று மருகத் தேவையில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துப் பாட்டிலில் உள்ள முக்கோணம் சிவப்பாக இருந்தால் கடும் விஷம். பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கிக்கொண்டே வரும். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது உள்ளே வைத்திருக்கும் துண்டுத்தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. பாவல் (பாகல்), பயறு, கத்தரி, கறிவேப்பிலைக்காவது அந்த நாள் கணக்கைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் போடுங்கள். வெட்டியெடுத்து எங்கள் ஊர் உரக்கடைச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.