'பங்சா'வுக்கு ஒரே தமிழ்ச்சொல் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் ஒற்றுமை பற்றி வந்த கட்டுரையில் 'பங்சா மலேசியா' என்ற மலாய்த் தொடர் முதல் பத்தியில் 'மலேசிய இனம்' என்றும் கடைசிப் பத்தியில் 'மலேசிய தேசம்' என்றும் அச்சாகியிருந்தது. கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆங்கில அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார். நம் பத்திரிகைகளில் இது வழக்கமாகிவிட்டதால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ரேஸ்' (இனம்) வேறு, 'நேஷன்' (தேசம்) வேறு. மலாயில் இரண்டுக்கும் 'பங்சா' வரும். ஐக்கிய நாடுகள் சபைக்கு மலாயில் 'பெர்துபுஹான் பங்சா-பங்சா பெர்சாத்து' என்று பெயர். அங்கே பங்சா என்பது ஒரு நாட்டு மக்கள் முழுவதையும் குறிக்கிறது. அதே சொல் ஒரு படிவத்தில் வந்தால் மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்) என்ற கட்டங்களில் ஒன்றைத் தேடிப் பேனாவை வைக்கிறோம். சிங்கப்பூர் உறுதிமொழியில் தமிழில் 'இனம், மொழி, மதம்' என்று சொல்லும் இடத்தில் மலாய் வாசகம் 'பங்சா, பஹாசா, உகாமா'. ஆனால் 1928 அக்டோபரில், இன்றைய ஜக்கார்த்தாவான பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள், பல தீவுகளிலிருந்து வந்தவர்கள், 'ஒரே பங்சா, பங்சா இந்தோனேசியா' என்று உறுதி எடுத்தார்கள். ஜாவாக்காரர், மினாங்கபாவ், பத்தாக் என்று பிரித்துச் சொல்ல அவர்களிடம் 'சூக்கு' என்ற தனிச்சொல் இருக்கிறது. அதனால் பங்சாவை நாட்டு மக்கள் அனைவருக்கும் விட்டுக்கொடுக்க முடிந்தது. நம் நாட்டு மலாயிலும் இனக்குழுவையும் வம்சாவளியையும் சொல்ல 'கௌம்', 'கெத்துருனான்' என்ற சொற்கள் இருக்கின்றன. இருந்தும் இங்கே பங்சா இரண்டு வேலையையும் பார்க்கிறது.

1991 பிப்ரவரி 28 அன்று அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது நாட்டு வளர்ச்சிக்கான 2020 தூரநோக்குத் திட்டத்தை முன்வைத்த ஆங்கில உரையைப் பாருங்கள். முதல் சவாலைச் சொல்லும்போது 'மலேசியன் நேஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். அந்த நாடு யாரால் ஆனது என்று விளக்கும்போது 'பங்சா மலேசியா' என்ற இரு சொற்களை மலாயிலேயே வைக்கிறார். ஆங்கிலத்தில் 'நேஷன்' என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் மலாய்ச் சொல்லை நாடியிருக்கிறார் என்றால், இரண்டும் அவருக்கு ஒன்றாகப் படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதை நாம் 'மலேசிய இனம்' என்று எழுதினால், தமிழர் என்ற அடையாளத்தை விட்டுவிடச் சொல்கிறார்களோ என்று வாசகர் சந்தேகப்படுவார். 'மலேசிய தேசம்' என்றால் நிலமும் கொடியும் நினைவுக்கு வரும், மக்கள் வரமாட்டார்கள்.

இன்னொரு பக்கம் நேர்மாறான கதை. ஆங்கிலத்தில் 'நேஷனல்' என்ற ஒரே சொல் மலாய்க்குள் வந்ததும் மூன்றாகப் பிரிகிறது. மத்திய வங்கி, அரும்பொருளகம், அரண்மனை, பள்ளிவாசல் எல்லாம் 'நெகாரா'. மொழி, பள்ளிக்கூடம், பாங்கி நகரில் உள்ள பல்கலைக்கழகம் எல்லாம் 'கெபாங்சான்'. அரசியல் கூட்டணியான பாரிசான், செய்தி நிறுவனமான பெர்னாமா, 1974-இல் தொடங்கிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் இவற்றின் முழுப்பெயரில் இருப்பது 'நாசியோனால்'. தமிழில் இவை அத்தனையும் 'தேசிய' என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. பெரும்பாலான இடங்களில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 'கெபாங்சான்' என்ற சொல்லுக்குள் பங்சா உட்கார்ந்திருக்கிறது. 1946-இல் மலாய்க்காரர் கட்சியான அம்னோ தொடங்கியபோது அதன் முழுப்பெயரில் வந்த கெபாங்சான் மலாய்க்காரர்களின் தேசியத்தைச் சொன்னது. மலேசியா என்ற நாடே அப்போது இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவில் 'பஹாசா கெபாங்சான்' என்று வரும்போது அது எல்லாருக்கும் உரிய மொழி. ஒரே சொல்தான், பொருள் ஒன்றில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையிலும் அது 'ஜெனிஸ் கெபாங்சான்' என்று தொங்குகிறது. 'தேசிய வகை' என்று மொழிபெயர்த்துவிட்டோம். தேசியமா, தேசியம் மாதிரியா என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே நமக்குத் தெரிந்த வடசொற்கள். வம்சம் பங்சா ஆனது, நகரம் நெகாரா ஆனது. நமக்கு வம்சம் பாட்டன் பூட்டன் வழியோடு நின்றுவிட்டது, நகரம் ஊரோடு நின்றுவிட்டது. மலாயில் ஒன்று இனமாகவும் தேசமாகவும், மற்றது நாடாகவும் பெருத்துவிட்டன.

படிவத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சீனர் என்றால் 'சீனா', நாடு என்றால் 'சைனா' போல எழுத்தை மாற்றி மலாயில் பிரித்துக் காட்டுகிறார்கள். நமக்கு நாடும் 'இந்தியா', பங்சாவும் 'இந்தியா'. மூன்று தலைமுறையாகப் பேராக்கில் பிறந்தவர்களும் அந்தக் கட்டத்தில்தான் கோடு போடுகிறார்கள்.

இனி என் வேண்டுகோள். அரசியல்வாதி ஒருவர் 'டெமி அகாமா, பங்சா டான் நெகாரா' என்று மேடையில் முழங்கினால் உடனே 'மதம், இனம், நாடு' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். கட்சிப் பேராளர் மாநாட்டில் பேசியிருந்தால் 'இனம்' பெரும்பாலும் பொருந்தும். மூவினப் பிள்ளைகள் கூடிய பள்ளி விழாவில் பேசியிருந்தால் பொருந்தாமல் போகலாம். ஆங்கில இணையச் செய்தியில் 'ரேஸ்' என்று இருப்பது அந்த நிருபரின் முடிவு. பேசியவரின் மலாய் வாசகத்தைத் தேடிப் பாருங்கள். எந்தப் பொருளில் சொன்னார் என்று தெளிவாகத் தெரியாதபோது 'பங்சா' என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம். பேசுகிறவருக்கே அந்த மயக்கம் வசதியாக இருப்பதும் உண்டு. அதை நாம் ஏன் அவருக்காகத் தீர்த்துவைக்க வேண்டும்? மலேசியத் தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் தெரியும்.

'தேசிய இனம்' என்று எழுதலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தத் தொடருக்கென்று தனி அரசியல் வரலாறு இருக்கிறது. இங்கே கொண்டுவந்தால் அதுவும் கூடவே வரும். வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் வேறு நினைத்தால் அதையும் இதே பகுதியில் வெளியிடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈப்போ வாசகர் ஒருவர்