தென் சூடான், பெந்தியூவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். கனடா மாமா, "ஐ.நா.வில வேலையெண்டால் கொள்ளைச் சம்பளமே?" எண்டு கேட்டவராம். இது ஐ.நா. இல்லை, எம்.எஸ்.எஃப்., எல்லைகளற்ற மருத்துவர்கள் எண்ட தொண்டு நிறுவனம் எண்டு சொல்லுங்கோ. லண்டனுக்கு நேர்ஸாப் போனவையின்ர சம்பளம் இஞ்ச வராது.

தென் சூடான் 2011 இலதான் தனி நாடானது. 2013 சண்டைக்கு ஓடி வந்த சனம் இன்னும் நான் வேலை செய்யிற இந்த முகாமிலதான். 2021 இல ஏறின வெள்ளமும் முழுசா வத்தேல்லை. சுத்திவர மண் அணை, அதுக்கு அங்கால கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. இஞ்சத்த நுவேர் இனச் சனத்துக்கு மாடுதான் சொத்து. மேய்ச்சல் தரை தண்ணிக்குள்ள போய் மாடுகளும் செத்துப்போச்சு. பெண்டுகள் அல்லிக் கிழங்கு கிண்டிப் பிள்ளையளுக்குக் குடுக்கினம்.

மழை துவங்கினால் மலேரியாதான். அதோட பட்டினி. பிள்ளையின்ர மேல்கையில நாடா சுத்தி அளப்பம். 115 மில்லிமீட்டருக்குக் கீழ எண்டால் நாடாவில சிவப்பு, கடும் போசாக்குக் குறைவு. கச்சானை அரைச்சு, பால்மாவும் சீனியும் எண்ணெயும் சேர்த்த சாப்பாட்டுப் பைக்கற்று குடுப்பம், ஒண்டில 500 கலோரி. ஆனா கடும் சுகமில்லாத பிள்ளைக்கு அதை உடன குடுக்கக் கூடாது, முதல்ல மெல்லிய மருந்துப்பால்தான். கண்டபடி ஊட்டினால் இருதயம் தாங்காது. பசிச்ச பிள்ளையின்ர தாய்க்கு இதை விளங்கப்படுத்திறதுதான் பெரும்பாடு.

ஊசி போடுற வேலை எனக்குக் குறைவு, அம்மா. மருந்து எண்ணுறது, டியூட்டி போடுறது, பழக்குறது. ஊசி போடுறது இந்த நாட்டு நேர்ஸ்மார். வெளியில இருந்து வந்த நாங்கள் கொஞ்சப் பேர்தான். என்னோட நிக்கிற ஒருத்தி இதே முகாமில இருக்கிறவள். தன்ர பிள்ளையைக் காய்ச்சலோட விட்டிட்டு இரவு டியூட்டிக்கு வாறவள். நான் ஒப்பந்தம் முடிய வெளிக்கிட்டிடுவன். அவள் எங்க போறது?

யாழ்ப்பாணத்தில சண்டைக் காலத்தில மந்திகை ஆஸ்பத்திரிக்கு வந்த வெள்ளைக்கார டொக்டரை நீங்கள் இண்டைக்கும் சொல்லுவியள். அவருக்குப் பக்கத்தில நிண்ட எங்கட நேர்ஸ்மாரை ஆர் சொல்லுறது? ஒருத்தியின்ர பேராவது உங்களுக்கு ஞாபகமிருந்தால் எழுதுங்கோ.

தங்கச்சியும் வரப்போறாளாம். வரட்டும். படிச்சு முடிச்ச கையோட எடுக்க மாட்டினம்; ரெண்டு வருஷமாவது வேலை செய்த அனுபவம் கேட்பினம். பிள்ளையள் வார்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. பிரெஞ்சும் படிச்சால் கொங்கோ, சாட் பக்கமும் போகலாம்.

கறித்தூள் அனுப்ப வேண்டாம். ஜூபாவிலயிருந்து வாற சின்னப் பிளேனில சாமான் நிறுத்துத்தான் ஏத்துவினம்.

அன்புடன்,
உங்கட மூத்தவள்