ஆர்தருக்கு ஒரு பக்கம், தேசிங்குக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல பிரிட்டன்காரங்களோட ஆர்தர் ராஜா கதை போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே அப்படியே நடந்த சரித்திரம் மாதிரி எழுதிட்டீங்களே. 1130கள்ல ஜெஃப்ரிங்கிற பாதிரியார் ஆர்தரைப் பத்தி லத்தீன்ல எழுதினப்ப, ராஜாவோட வீரர்கள் சுத்தி உக்காருற வட்டமேசையே கிடையாது, 1155ல வேஸ்ங்கிற கவிஞர் பிரெஞ்சுல எழுதும்போதுதான் அது வருது, அப்புறம் ஆர்தரோட ராணியை லவ் பண்ற வீரன் லான்சலாட்டை கிரெத்தியன்னு இன்னொரு பிரெஞ்சு கவிஞர் கொண்டு வந்தாரு, 1485ல மாலரி இங்கிலீஷ்ல எழுதின புக்கு அச்சாகறதுக்குள்ள கதை எங்கேயோ போயிருச்சு. ஆளாளுக்குச் சேத்துக்கிட்டே போயிருக்காங்க, எனக்கு கதையை விட அதுதான் இன்ட்ரஸ்டிங்!

நம்ம செஞ்சி தேசிங்கு ராஜாவும் அப்படித்தானே? 1714ல ஆற்காடு நவாபு படையோட மோதி செத்தது நிஜம். ஆனா டெல்லியில எவனாலயும் அடக்க முடியாத குதிரையை அடக்கினது, சிநேகிதன் மோவுத்துக்காரன் கல்யாணத்தைக் கூட விட்டுட்டு சண்டைக்கு ஓடி வந்தது, இதெல்லாம் கதைப்பாட்டு நமக்குக் கொடுத்தது. ஏற்காட்டுல கான்வென்ட்ல படிக்கிற என் பேத்திக்கு லான்சலாட்டைத் தெரியுது, மோவுத்துக்காரன் யாரு தாத்தாங்குறா. அடுத்த வாரமே தேசிங்கு கதையைப் போடுங்க, எது நடந்தது, எது பாட்டுல சேந்ததுன்னு ஓரமா ஒரு பெட்டிச் செய்தியும் வச்சிருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்