செயின்ட் ஜோசப் கவுண்டியின் பனிக்காலம்: நண்பருக்கு ஒரு கடிதம்

சவுத் பெண்ட், இந்தியானா

அன்பு நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஜனவரி மாதத்திலேயே இல்லினாயின் சாம்பெய்னை விட்டு இங்கே வேலைக்கு வந்து சேர்கிறீர்கள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. குழந்தைகள் இருவரும் பள்ளி மாறுவதற்கு இசைந்துவிட்டார்கள் என்பது இன்னும் நல்ல செய்தி. அண்ணியாருக்குப் பனியைப் பற்றித்தான் கவலை என்றும், எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எட்டு அங்குலம் விழும் என்று அறிவித்துவிட்டு இரண்டு அங்குலம்கூட விழாத ஊருக்கு முன்னறிவிப்பு எதற்கு என்று அங்கே யாரோ உங்களிடம் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசிப் பேச்சு சரியல்ல. ஏன் சரியல்ல என்பதை விளக்கினால் மற்ற இரண்டுக்கும் அதிலேயே பாதி விடை வந்துவிடும்.

சாம்பெய்னில் நீங்கள் பார்த்த குளிர்காலம் சமவெளியின் குளிர்காலம். மேற்கேயிருந்து ஒரு புயல் உருவாகி வருவதை மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே கண்டுகொள்ள முடியும். அது வந்தால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முழுவதையும் ஏறத்தாழ ஒரே மாதிரி மூடும், அறுவடை முடிந்த சோள வயல்களின் மேல் தடையின்றி வரும் காற்று விழுந்த பனியை அள்ளிச் சாலையில் குவிக்கும், சில ஆண்டுகளில் பனிக்குப் பதிலாக, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகும் உறைமழை வந்து மின்கம்பிகளை முறிக்கும். 1990 பிப்ரவரி 14 அன்று உங்கள் ஊரைத் தாக்கிய உறைமழையைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்களே, அது அந்த வகை. அத்தகைய புயல்கள் இங்கேயும் வரும். 1978 ஜனவரி இறுதியில் வந்த பெரும் பனிப்புயல் இந்தியானா மாநிலம் முழுவதையும் நாள்கணக்கில் முடக்கிப் போட்டது. ஆனால் எங்கள் ஊரில் ஆண்டுக்கு அறுபது அங்குலத்துக்கு மேல் பனி விழுவதற்கும், உங்கள் ஊரில் அதில் பாதிகூட விழாததற்கும் காரணம் புயல்கள் அல்ல, இங்கிருந்து சுமார் 25 மைல் தொலைவில் இருக்கும் மிச்சிகன் ஏரிதான்.

இதை இங்கே எல்லோரும் 'லேக் எஃபெக்ட்' என்றுதான் சொல்வார்கள், நான் ஏரிப்பனி என்று எழுதுகிறேன். மிச்சிகன் ஏரி 307 மைல் நீளமும் 118 மைல் அகலமும் கொண்டது, அதன் ஆழம் சில இடங்களில் 900 அடியைத் தாண்டும். இவ்வளவு நீர் கோடை முழுவதும் வாங்கி வைத்த வெப்பத்தை டிசம்பர் ஜனவரி வரையிலும் விடாது. கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று அதன் மேல் கடக்கும்போது அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறிக் காற்று மேலெழுந்து மேகமாகிறது, கரையைத் தொட்டதும் அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. நீரின் மேற்பரப்புக்கும் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் இடையே 13 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வேறுபாடு இருந்தால் ஏரிப்பனி உருவாகச் சூழல் கூடிவிட்டது என்பது வானிலையாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. வேறுபாடு கூடக்கூடப் பனியும் பலமாகும். ஏரி உறைந்துவிட்டால் இந்த அடுப்பு அணைந்துவிடும். ஆழம் குறைந்த ஈரி ஏரி பல ஆண்டுகளில் பெருமளவு உறைந்துபோகும், மிச்சிகன் ஏரி அப்படி எளிதில் உறையாது. 2014 மார்ச்சில் அதன் பரப்பில் 93 சதவீதம் பனிக்கட்டி மூடியது, ஆனால் அது அரிதிலும் அரிது.

இனி முன்னறிவிப்புக்கு வருகிறேன். ஏரிப்பனி கவுண்டி முழுவதையும் மூடும் போர்வையாக வருவதில்லை, நீண்டு குறுகிய பட்டையாக வருகிறது. பல நேரங்களில் அந்தப் பட்டையின் அகலம் பத்துப் பதினைந்து மைல்தான். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையில் பட்டை படுத்துக்கொள்ளும். நேர் வடக்கிலிருந்து ஏரியின் முழு நீளத்தையும் கடந்து காற்று வந்தால் எங்களுக்கு மேற்கே உள்ள போர்ட்டர், லாபோர்ட் கவுண்டிகளில் கொட்டும், வடமேற்கிலிருந்து வந்தால் எங்கள் தலையில் விழும், மேற்கே திரும்பினால் மிச்சிகன் மாநிலத்தின் பெரியன் கவுண்டிக்கும் அதற்கு வடக்கேயும் போய்விடும். காற்றின் திசை பத்து டிகிரி மாறினால் போதும், ஒரு கவுண்டிக்கு வரவேண்டிய பனி அடுத்த கவுண்டிக்குப் போய்விடுகிறது.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கிரேஞ்சரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்படும்போது எதிர்வீட்டு விளக்குக்கூடத் தெரியாத அளவுக்குப் பெரிய பெரிய பனித்திவலைகள் காற்றில்லாமல் நேராக இறங்கிக்கொண்டிருந்தன. காரின் கண்ணாடியை ஒருபுறம் துடைத்து மறுபுறம் போவதற்குள் துடைத்த பக்கம் மூடிவிட்டது. ஆனால் நகரைக் கடந்து தெற்கே யு.எஸ். 31 சாலையில் லேக்வில் பக்கம் போனபோது சாலை உலர்ந்து கிடந்தது, வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. இரண்டு இடங்களும் ஒரே கவுண்டி, இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான் அன்று மாலை வெளியாகியிருந்தது. லேக்வில்காரர் அன்று முன்னறிவிப்பு பொய் என்றிருப்பார், கிரேஞ்சர்காரர் சொன்னபடியே நடந்தது என்றிருப்பார். முன்னறிவிப்பு எழுதியவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை, பரந்த பகுதி முழுவதற்கும் ஒரே எச்சரிக்கையை வெளியிட வேண்டியிருப்பதுதான் இந்தச் சிக்கலுக்குக் காரணம். மேகத்துக்கு அந்தப் பகுதியின் எல்லை தெரியாது.

இதனால்தான் கைப்பேசியில் தெரியும் ஒற்றை எண்ணை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தேசிய வானிலைச் சேவையின் வடக்கு இந்தியானா அலுவலகம் சிரக்கியூஸ் என்ற சிற்றூரின் அருகே இருக்கிறது, உங்களுக்கு இப்போது லிங்கன் நகர அலுவலகம் இருப்பதுபோல. பணியில் இருக்கும் வானிலையாளர் தாம் என்ன பார்க்கிறார், எதில் உறுதியாக இருக்கிறார், எதில் ஐயப்படுகிறார் என்பதைத் தம் கைப்பட எழுதும் விளக்கக் குறிப்பு ஒன்று நாள்தோறும் சிலமுறை வெளியாகும். அதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் கலைச்சொற்கள் மிரட்டும், விரைவில் பிடிபட்டுவிடும். பட்டை எங்கே நிலைகொள்ளும், நள்ளிரவுக்குப் பின் காற்று எப்பக்கம் திரும்பும், வானிலையைக் கணிக்கும் எந்தக் கணினி மாதிரி ஏன் வேறுபடுகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். உலகம் முழுவதையும் கணக்கிடும் பெரிய மாதிரிகள் இவ்வளவு குறுகிய பட்டையைச் சரியாகப் பிடிப்பது கடினம். மூன்று கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்து மணிக்கொருமுறை புதுப்பிக்கப்படும் மாதிரி ஒன்று இருக்கிறது, பட்டை விழும் இடத்தை ஓரளவுக்கு அதுதான் காட்டும், அதுவும் முந்தின இரவில்தான் தெளிவடையும். இன்னொரு தடங்கலும் உண்டு. ஏரிப்பனி மேகங்கள் உயரம் குறைந்தவை, ரேடாரின் கதிரோ தூரம் போகப்போக மேலே ஏறிக்கொண்டே போகும். ஆகவே ரேடார் நிலையத்திலிருந்து எட்ட இருக்கும் இடங்களில் திரையில் ஒன்றும் தெரியாதபோதே வாசலில் பனி விழுந்துகொண்டிருக்கும்.

அங்குலக் கணக்கும் ஏமாற்றும். சாதாரணப் புயலில் ஓர் அங்குல நீர் ஏறத்தாழ பத்து அங்குலப் பனியாகும். ஏரிப்பனியில் அதே நீர் இருபது அங்குலம், சில நேரம் அதற்கும் மேலாகப் பூரிக்கும். மேகத்தின் வெப்பநிலை மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது கிளைவிட்ட நட்சத்திர வடிவத் திவலைகள் வளரும், அவை ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இடையே காற்று நிறைந்துகொள்ளும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் வெள்ளை வண்ணம் பூசிய பலகை ஒன்றை வைத்திருக்கிறார். காலையில் அதன்மேல் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு வரை குறித்துக்கொள்வார், பிறகு அந்தப் பனியை உருக்கி நீரையும் அளப்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று விரல்கடை உயரத்துக்கு நின்ற பனியை உருக்கிய பிறகு பாத்திரத்தின் அடியை நனைக்கும் அளவுதான் நீர் இருந்தது. இத்தகைய பனியைத் தள்ளுவது எளிது, முதுகு வலிக்காது. மார்ச்சில் வரும் ஈரப்பனிதான் ஆளை முறிக்கும், அதை அள்ளும்போது மட்டும் சிறிது சிறிதாக அள்ளுங்கள்.

எச்சரிக்கைகளின் படிநிலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வாட்ச் என்றால் வாய்ப்பு இருக்கிறது, அட்வைசரி என்றால் தொல்லை இருக்கும், வார்னிங் என்றால் ஆபத்து. இங்கே கூடுதலாக ஏரிப்பனிக்கென்றே தனி வார்னிங் உண்டு. ஆனால் இந்தியானாவில் இன்னொன்று இருக்கிறது, இல்லினாயிலிருந்து வருகிற பலரும் அதைக் கவனிப்பதில்லை. சாலைப் பயணத்துக்கு ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியாக நிலை அறிவிக்கும், மாநில வரைபடத்தில் அது வண்ணமாகத் தெரியும். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம், ஆரஞ்சு என்றால் வேலை, மருத்துவம் போன்ற தேவைக்கு மட்டும் போகலாம், சிவப்பு என்றால் அவசரப் பணியாளர் தவிர யாரும் சாலையில் இருக்கக்கூடாது. வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தாலும் சிவப்பு நாளில் வண்டியை எடுக்காதீர்கள். பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குமா, மூடப்படுமா என்பது பெரும்பாலும் விடிவதற்கு முன்பே தெரிந்துவிடும். நீங்கள் மத்திய நேரத்திலிருந்து கிழக்கு நேரத்துக்கு வருகிறீர்கள் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். அந்த நேர வலயத்தின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இருப்பதால் ஜனவரித் தொடக்கத்தில் காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் உதிக்கும், பள்ளிப் பேருந்துக்கு இருட்டில்தான் நிற்க வேண்டும்.

குளிரைப் பற்றி அண்ணியாரிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுங்கள். ஏரி அருகில் இருப்பதால் குளிர் சற்றுத் தணியும் என்றாலும், வடதுருவக் காற்று இறங்கும் நாள்களில் அது போதாது. 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் வரை போனது. இந்தியானா உட்படப் பல மாநிலங்களின் பகுதிகளில் அன்று தபால் விநியோகத்தையே நிறுத்திவிட்டார்கள். வெப்பநிலை 0 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்து காற்று மணிக்கு 15 மைல் வேகத்தில் வீசினால் உடலுக்கு அது மைனஸ் 19 டிகிரி ஃபாரன்ஹீட் போல இருக்கும், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகிவிடக்கூடும். முன்பு காற்றுக்குளிர் எச்சரிக்கை என்று வந்ததை 2024 அக்டோபர் முதல் கடுங்குளிர் எச்சரிக்கை என்ற பெயரில் வெளியிடுகிறார்கள். அப்படி அறிவிப்பு வந்த நாள்களில் சாலை உப்பையும் நம்ப முடியாது. சுமார் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வெறும் கல்லுப்பு சரியாக வேலை செய்யாது, பனி தள்ளும் லாரி போன பிறகும் தெருவில் வழுக்கும் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

என் மனத்தை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. எச்சரிக்கை வந்தும் தம் தெருவில் பனி விழாமல் போன ஒரு நாளுக்குப் பிறகு பலர் அடுத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. பட்டை நகர்ந்து நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டும்போது வெயிலில் வந்துகொண்டிருந்த வண்டி ஓரிரு நிமிடங்களில் ஒன்றுமே தெரியாத வெண்மைக்குள் புகுகிறது. பின்னால் வரும் லாரிக்கு நிறுத்த இடமிருக்காது. கட்டண நெடுஞ்சாலையான டோல் ரோட்டில் அடுக்கடுக்காக வண்டிகள் மோதும் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் முந்தின இரவே அந்தப் பட்டையைப் பற்றி ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருந்தாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, வடக்கும் வடமேற்கும் பனி கூடுதலாக வாங்கும் பகுதிகள், தெற்கே வாக்கர்ட்டன், லேக்வில் பக்கம் பொதுவாகக் குறைவு. ஆனால் பனி குறைவு என்பதற்காகத் தெற்கே போகாதீர்கள். அங்கே திறந்த வயல்களுக்கு நடுவே நீண்ட கிராமச் சாலைகள், விழுந்த பனி குறைவானாலும் காற்று குவித்துவிடும், லாரி வந்து சேர நேரமாகும். உங்கள் அலுவலகம் மிஷவாகாவில்தானே இருக்கிறது, அதற்கு அருகிலேயே, முதன்மைச் சாலையிலிருந்து ஓரிரண்டு தெரு உள்ளே பாருங்கள். முதன்மைச் சாலைகளைத்தான் முதலில் சுத்தம் செய்வார்கள். தெருவிலிருந்து வீடு வரை கார் வரும் டிரைவ்வே குட்டையாகவும் சரிவில்லாமலும் இருந்தால் இன்னும் நல்லது. கார் நிறுத்த மூடிய கராஜ் இல்லாத வீட்டை வாடகை குறைவென்றாலும் எடுக்கவேண்டாம்.

சாமான் லாரியோடு நீங்கள் வரும் நாளைப் பற்றியும் யோசித்தேன். ஐ-57 வழியாக வடக்கே வந்து டோல் ரோட்டைப் பிடிப்பதுதான் வழக்கம், ஆனால் அந்த வழி ஏரியின் தென்கரையை ஒட்டி, வடக்குக் காற்று பனியைக் கொட்டும் கவுண்டிகளின் ஊடாகவே வருகிறது. வடக்குக் காற்று என்று குறிப்பில் கண்டால் லஃபாயெட், லோகன்ஸ்போர்ட் வழியாக வந்து யு.எஸ். 31 சாலையில் ஏறிக்கொள்ளுங்கள். நேரம் கூடும், ஆனாலும் அன்றைக்கு அதுவே நல்ல வழி. முந்தின நாள் மாலை வெளியாகும் விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டு உங்களை நான் தொலைபேசியில் அழைக்கிறேன், இருவருமாக வழியை முடிவு செய்வோம். குளிர்கால டயரை மட்டும் அங்கேயே இப்போதே மாற்றிவிடுங்கள், ஜனவரியில் இங்கே கடைகளில் காத்திருக்க நேரிடும்.

வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டு மாடி அறை உங்களுக்காகத் தயாராக இருக்கிறது. அண்ணியாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு.

என்றும் அன்புடன்,
செல்வராஜ்